வடக்கே தலையும் காந்தப் புரட்டும்

நமது நாட்டில் ஒரு மூடப் பழக்கத்திற்கு வயதாகித் தள்ளாடத் தொடங்கியதும், அதைப் பாடையில் ஏற்றுவதற்குப் பதிலாக, அதற்குச் சட்டையும் கால்சட்டையும் மாட்டி, "இது விஞ்ஞானம்" என்று பெயரிட்டுத் தெருவில் நடக்கவிடுவது ஒரு வழக்கமாய்ப் போய்விட்டது. அப்படி நடக்கவிடப்பட்டவைகளில் ஒன்றுதான் வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்பது.

முன்னே இதற்குச் சொல்லப்பட்டு வந்த காரணம் பிள்ளையார் கதை. சிவன் தன் பெண்ஜாதியின் பிள்ளையின் தலையை வெட்டிவிட்டானாம்; பிறகு வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிற பிராணி எதுவாயிருந்தாலும் அதன் தலையைக் கொண்டுவா என்று ஆள் அனுப்பினானாம்; ஒரு யானை அப்படிப் படுத்திருந்ததாம்; அதன் தலை போயிற்றாம். வெட்டினவனுக்குத் தண்டனை இல்லை, தூங்கினவனுக்குத் தண்டனை! இந்த நியாயத்தைக் கேட்டுப் பள்ளிக்கூடப் பையன்களும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தவுடன், யானையை மெதுவாக ஒதுக்கிவிட்டுக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அவர்கள் சொல்லுவதாவது: பூமி ஒரு பெரிய காந்தமாம், நம் இரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், வடக்கே தலை வைத்தால் அந்த இரும்பை வடதுருவம் இழுத்து மூளையில் இரத்தத்தைக் கொண்டுபோய்க் குவித்துவிடுமாம், அதனால் தலைவலியும், கெட்ட சொப்பனமும், சித்தப் பிரமையும் வருமாம். இதில் முதல் இரண்டும் மெய். இரண்டு மெய்யை முன்னே நிறுத்தி மூன்றாவதாக ஒரு பொய்யைத் தள்ளிவிடுவது மாட்டுத் தரகர்கள் செய்கிற வித்தை.

முதலாவது காலத்தைக் கவனிக்கவேண்டும். கிழக்கே அல்லது தெற்கே தலை வைத்துப் படுக்கவேண்டும் என்கிற விதி விஷ்ணு புராணத்திலேயே இருக்கிறது. பூமியே ஒரு காந்தம் என்று எடுத்துக் காட்டியவர் வில்லியம் கில்பர்ட் என்கிற இங்கிலாந்து தேசத்து வைத்தியர். அவருடைய புத்தகம் வெளிவந்தது 1600ம் வருஷத்தில். நம் ரிஷிகளுக்கு இது ஞான திருஷ்டியில் முன்னமே தெரியும் என்பார்களானால், தெரிந்தவர்கள் காந்தம் என்கிற பேரையாவது சொல்லியிருக்க வேண்டாமா? யானைத் தலையைச் சொல்லுவானேன்?

இரண்டாவது, பூமியின் காந்தம் ஒரு பொருளைத் திருப்புமேயன்றி இழுத்துக்கொண்டு போகாது. ராபர்ட் நார்மன் என்கிற திசைகாட்டி செய்பவர் ஒருவர், காந்த ஊசியைத் தக்கையில் செருகித் தண்ணீரின் நடுவே மிதக்கும்படி நிறுத்திப் பார்த்து, ஊசி வடக்கு நோக்கித் திரும்புகிறதே தவிர வடக்கே ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதை 1581ம் வருஷத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். ஏனென்றால் ஒரு மனிதனின் தலைக்கும் காலுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் பூமிக் காந்தத்தின் பலம் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு முனையை இழுக்கிற அளவுக்கு மறு முனையைத் தள்ளுகிறது. இழுப்பதாகவே வைத்துக்கொண்டாலும், தெற்கே தலை வைப்பவனுக்கு இரத்தம் காலுக்குப் போய்விடாதா? அதை மட்டும் ஆரோக்கியம் என்பது என்ன கணக்கு? உடம்பே ஒரு காந்தம் என்று இன்னொரு கூட்டம் சொல்லுகிறது. அப்படியானால் குளத்தில் மல்லாந்து மிதக்கிற ஒவ்வொருவனும் திசைகாட்டி ஊசி மாதிரி தானாகச் சுழன்று வடக்கும் தெற்குமாக நிற்கவேண்டுமே! எந்தக் குளத்தில் இதைக் கண்டார்கள்?

நிற்க, இவையெல்லாம் மேலெழுந்தவாரியான சமாதானங்கள். இந்தக் காந்த வாதத்தில் வாய்திறக்கப்படாமல் மறைக்கப்படுகிற முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. அதுதான் உஷ்ணம்.

1827ம் வருஷத்தில் ராபர்ட் பிரவுன் என்கிற தாவர சாஸ்திரி, மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்ணிய துகள்களைத் தண்ணீரில் விட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அவை ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிர்தான் அப்படித் துடிக்கிறது என்று சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. உயிரில்லாத பொருள்களையும் பொடித்துப் போட்டார். எகிப்து தேசத்து ஸ்பிங்ஸ் சிலையின் துணுக்கு ஒன்றைக்கூடப் பொடித்துப் போட்டுப் பார்த்தார். கல்தூளும் அப்படியே ஆடிற்று. (நம் ஊராயிருந்தால் முதல் ஆட்டத்தைக் கண்டவுடனேயே அங்கு ஒரு கோயில் கட்டி உண்டியல் வைத்திருப்பார்கள்.) அந்த ஆட்டத்திற்குக் கண்ணுக்குத் தெரியாத நீரணுக்கள் நாலாபக்கமும் மோதுவதே காரணம் என்று 1905ல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார், சில வருஷங்களுக்குள் பிரான்சு தேசத்து ழான் பெரன் அதை அளந்து மெய்ப்பித்தார். ஒரு பொருள் சூடாயிருக்கிறது என்றால் அதன் அணுக்கள் ஓயாமல் ஆடி மோதிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அர்த்தம். பொருள் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு இந்த மோதல் அதை அலைக்கழிக்கும். யானையை ஈ மோதினால் யானைக்குத் தெரியாது. கொசுவை மோதினால் கொசு தடுமாறும்.

இனி இரத்தத்திலுள்ள இரும்புக்கு வருவோம். அது ஆணியும் அல்ல, அரத்தூளும் அல்ல. ஹீமோகுளோபின் என்கிற பொருளுக்குள் தனித்தனியே நாலு இரும்பணுக்கள் சிறை வைக்கப்பட்டிருக்கின்றன. பிராணவாயுவைச் சுமந்திருக்கும்போது அந்த இரும்புக்குக் காந்த குணமே இல்லை. பிராணவாயுவை இறக்கிவிட்ட பிறகுதான் கொஞ்சம் உண்டு. இதை 1936ல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டுபிடித்தார்கள். அந்தக் கொஞ்சத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். சென்னைப் பக்கத்தில் பூமிக் காந்தத்தின் பலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அது ஓர் இரும்பணுவைத் தன் பக்கம் திருப்பி நிறுத்துவதற்குச் செலவிடக்கூடிய சக்தி ஒரு பங்கு என்றால், 37 டிகிரி உஷ்ணமுள்ள நம் உடம்பு அதே அணுவை உதைத்துத் தள்ளுவதற்கு வைத்திருக்கிற சக்தி சுமார் 20 லட்சம் பங்கு. 20 லட்சம் பேர் கூடிக் கூச்சல் போடுகிற இடத்தில் ஒருவன் முணுமுணுத்த கட்டளையைக் கேட்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள் என்று சொல்லுவதற்கும், பூமிக் காந்தத்தின் சொற்படி இரத்தம் மூளைக்கு ஓடிற்று என்று சொல்லுவதற்கும் வித்தியாசமில்லை. மேலும், பெரும்பாலும் தண்ணீரான இரத்தத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால், காந்தம் அதை இழுப்பதுகூட இல்லை. மிக மிக மெல்லத் தள்ளவே செய்கிறது!

அப்படியானால் இரும்பு எப்போதுதான் காந்தமாகிறது என்று கேட்கலாம். அணுக்கள் திரளாகச் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே முகமாக நிற்கும்போதுதான். எத்தனை சேர்ந்தால் அந்த முகம் திரும்பாமல் நிற்கும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் பிரான்சு தேசத்து லூயி நேயல். அவர் எழுதியது 1949ல். அவருக்கு 1970ல் நோபெல் பரிசு கிடைத்தது.

அவர் கணக்கு என்னவென்றால்: ஒரு மிகச் சிறிய காந்தத் துகளுக்கு எதிரெதிராக இரண்டு சௌகரியமான திசைகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு மேடு. துகள் பெருத்தால் மேடும் உயரும். உஷ்ணத்தின் உதையோ துகள் பெரிதானாலும் சிறிதானாலும் ஒரே அளவு. ஆகவே சிறு துகளில் காந்த முகம் மேட்டைத் தாண்டித் தாண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குதித்துக்கொண்டே இருக்கும். துகள் அசையவேண்டியதில்லை, அதற்குள் இருக்கிற காந்த முகம் மட்டும் புரளும். மேட்டின் உயரம் உஷ்ண உதையைப் போல 25 மடங்கு என்றால் அந்த முகம் சுமார் ஒரு நிமிஷம் நிலைக்கும். 40 மடங்கு என்றால் ஏழு வருஷத்துக்கு மேல் நிலைக்கும். 60 மடங்கு என்றால் 360 கோடி வருஷம் போல நிலைக்கும். பூமியின் வயதே சுமார் 454 கோடி வருஷந்தான். இதில் விசேஷம் என்னவென்றால், ஒரு நிமிஷக் காந்தத்தை 360 கோடி வருஷக் காந்தமாக்குவதற்கு அதே பொருளாலான துகளின் குறுக்களவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் போதும். 9 நானோமீட்டர் இருந்தது 12 நானோமீட்டரானால் சரி. (தலைமயிர் ஒன்றின் கனத்தை ஏறக்குறைய லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.)

பிறகு 1963ல் வில்லியம் புல்லர் பிரவுன் என்பவர், தண்ணீரிலாடும் தூளுக்குச் சொல்லப்பட்ட அதே கணக்கைக் காந்த முகத்தின் ஆட்டத்துக்கும் பொருத்தி இந்த விஷயத்தைத் திட்டமாக எழுதினார். முதல் பிரவுன் துகளின் ஆட்டத்தைக் கண்டார். இரண்டாவது பிரவுன் துகளுக்குள்ளே இருக்கிற முகத்தின் ஆட்டத்தைக் கணக்கிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் அமைந்ததைப் பூர்வஜன்ம பந்தம் என்று யாராவது எழுதாமலிருக்கவேண்டும்.

இதிலிருந்து சனாதனிகள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஒரு துகள் காந்தமா, இல்லையா என்று கேட்டால், எவ்வளவு நேரம் பார்க்கிறாய், எவ்வளவு சூட்டில் பார்க்கிறாய் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. ஒரு விநாடி பார்ப்பவனுக்கு அது காந்தம். அதே துகளை ஒரு நாள் பார்ப்பவனுக்கு அது காந்தமல்ல. நித்தியம் என்று யாதொரு துகளுக்கும் பட்டயம் எழுதிக் கொடுக்கப்படவில்லை. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் தினமும் இந்தத் தொல்லையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இடம் மிச்சமாக வேண்டுமென்று துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், எழுதி வைத்தது உஷ்ணத்தினால் தானே அழிந்துபோகும். ஆதலால் மேடு உயர்ந்த கடினமான பொருளில் துகள் செய்து, எழுதுகிற நேரத்தில் மாத்திரம் அந்த இடத்தை லேசர் ஒளியால் சுட்டு, மேட்டைத் தாழ்த்தி எழுதுகிறார்கள்.

பாறைகளும் இந்தக் கணக்குப்படியே நடக்கின்றன. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள துகள்களின் காந்த முகம் முதலில் புரண்டுகொண்டேயிருந்து, சூடு குறையக் குறைய, அன்றைய பூமிக் காந்தத்தின் திசையில் அப்படியே பூட்டிக்கொள்ளுகிறது. தக்காணத்திலுள்ள கரும்பாறைகள் சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்தவை. அவைகளை அளந்து பார்த்ததில், அந்தக் காலத்தில் இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிடந்தது என்று தெரிகிறது. தேவர்கள் ஸ்தாபித்த புண்ணிய பூமி என்கிறார்களே, அது ஆயிரக்கணக்கான மைல் நகர்ந்து வந்திருக்கிறது! அன்றியும் அப்பாறைகளில் பெரும்பாகம் தலைகீழான காந்தத்தைக் காட்டுகின்றன. அன்றைக்கு ஒரு திசைகாட்டி இருந்திருந்தால் இன்று வடக்கு காட்டுகிற முனை தெற்கு காட்டியிருக்கும். இப்படித் தலைகீழாகப் புரண்டது பலமுறை. கடைசியாகப் புரண்டு சுமார் 7,80,000 வருஷங்களாகின்றன. இப்போதும் வட காந்தத் துருவம் ஓரிடத்தில் இருப்பதில்லை. 1831ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்பவர் கானடாவின் வடகோடியில் கண்ட அது, இப்போது சைபீரியாவின் பக்கமாக நகர்ந்து கொண்டிருக்கிறது. சாஸ்திரமோ நகரவில்லை.

இனி, படித்த வைதீகர்கள் எடுத்துவிடுகிற கடைசி ஆயுதத்தைப் பார்ப்போம். "மனித மூளையிலேயே காந்தக்கல் இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்களே" என்கிறார்கள். இது பொய்யல்ல. மாக்னடைட் என்கிற காந்தக்கல்லின் மிக நுண்ணிய துகள்கள் மூளையில் இருப்பதாக 1992ல் ஜோசப் கிர்ஷ்விங்க் முதலியோர் வெளியிட்டார்கள். 2016ல் மெக்ஸிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, அத்துகள்களில் பல, கடுஞ்சூட்டில் உருகி உருண்டையானவை என்றும், மோட்டார் புகை முதலியவைகளிலிருந்து மூக்கின் வழியாக ஏறியிருக்கக்கூடும் என்றும் தெரியவந்தது. தெருப் புகை மூளைக்குள் ஏறுவதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள், கட்டில் திசையைப்பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்! அது போகட்டும். அந்தக் காந்தக்கல்லுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 50 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு துகளைப் பூமிக் காந்தம் திருப்பக்கூடிய சக்தி, உடம்பின் உஷ்ண உதையில் பாதிக்குச் சற்று மேலேதான் வருகிறது. அதாவது தனித் துகள் விஷயத்தில் உஷ்ணமே ஜெயிக்கிறது. அதைவிடச் சிறியவைகளைப்பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பூமிக் காந்தத்தின் திசையைச் சுழற்றினால் சிலருடைய மூளையலைகளில் சிறு மாறுதல் தெரிகிறது என்று 2019ல் அதே கிர்ஷ்விங்க் கூட்டத்தார் எழுதியதும் உண்மையே. ஆனால் அது கருவி கொண்டு சுழற்றியபோது கண்டது. அசையாமல் படுத்துத் தூங்குகிறவனுக்குக் கெடுதி என்று அவர்கள் ஓரெழுத்தும் எழுதவில்லை.

நம்மவர்களிலும் சிலர் ஆவேசத்தில், பூமிக் காந்தத்தினால் எந்த உயிருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்று மேடையில் பேசிவிடுகிறார்கள். அப்படிப் பேசலாகாது, அது மெய்யல்ல. சேற்றில் வாழும் ஒருவகைக் கிருமிகள் திசைகாட்டி ஊசியைப்போலப் பூமிக் காந்தத்தின் வழியே நின்று நீந்துகின்றன. 1975ல் ரிச்சர்ட் பிளேக்மோர் இவைகளைப்பற்றி எழுதினார். இவை எப்படி உஷ்ணத்தை ஜெயிக்கின்றன? ஒரு துகள் போதாது என்பதால், 50 நானோமீட்டர் போன்ற காந்தக்கல் துகள்களை இருபது போல் தன் உடம்புக்குள்ளேயே செய்து, பாசிமணி கோத்ததுபோல் ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது அந்தக் கிருமி. இருபதும் ஒரே முகமாய்ச் சேர்ந்தால் பலம் உஷ்ண உதையைப்போலப் பத்து மடங்குக்கு மேலாகிறது. அப்போதுதான் அதனால் திசையோடு நிற்க முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குக்கூட இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்க, யாதொரு ஏற்பாடுமில்லாத மனித இரத்தம் மட்டும் எப்படித் திசை தெரிந்து ஓடும்? இதை வாஸ்து ஜோசியர்களும் காந்த வளையல் விற்பவர்களும் யோசித்துப் பார்க்கவேண்டும். யோசித்தால் வியாபாரம் நடக்காது என்பது நமக்கும் தெரியும்.

கணக்கில் நம்பிக்கையில்லாதவர்களுக்குப் பிரத்தியட்சமாகவே ஒன்று சொல்லுவோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த எந்திரத்தின் காந்த பலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, அதாவது இங்கே உள்ள பூமிக் காந்தத்தைப்போல 37,500 மடங்கு. அதற்குள்ளே தலையை நீட்டிக்கொண்டு அரைமணி, முக்கால்மணி நேரம் ஜனங்கள் படுத்துக் கிடந்து, எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். இரத்தம் மூளையில் போய்க் குவியவில்லை. மூளைக் கட்டியைக் கரைக்கவேண்டி, வைத்தியர்கள் வேண்டுமென்றே அதற்குள் இரும்புத் துருவின் நுண்துகள்களைச் செலுத்துவதும் உண்டு. அப்போதும் பூமிக் காந்தத்தை நம்பிச் சும்மா இருப்பதில்லை. அதைவிடப் பல மடங்கு வலுவான காந்தத்தை விநாடிக்கு லட்சம் தடவை போலத் திசை மாற்றி மாற்றிச் செலுத்தினால்தான் துகள்கள் சூடேறி வேலை செய்கின்றன. ரயிலில் பக்கப் பலகையில் படுத்துத் தில்லிக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இரவெல்லாம் தலை வடக்கேதான் இருக்கிறது. விடிந்ததும் காப்பிதான் கேட்கிறார்கள்.

இது ஒரு சில்லறை விஷயந்தானே, இதற்கு இவ்வளவு எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். யாருக்குச் சில்லறை? மூன்று படுக்கையறை வைத்திருப்பவனுக்குச் சில்லறை. அவன் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுவான்; இல்லாவிட்டால் வாஸ்து ஜோசியனுக்குப் பணம் கொடுத்துச் சுவரை இடித்துக் கட்டுவான். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற கூலிக்காரன் வீட்டில் யாராவது ஒருவர் தலை வடக்கே வந்தே தீரும். அந்த வீட்டில் குழந்தைக்கு ஜுரம் வந்தால், "வடக்கே தலை வைத்துப் போட்டாயே, நீதானே கொன்றாய்" என்று தாயைத்தான் கேட்கிறார்கள். புருஷனை யாரும் கேட்பதில்லை. மருமகளுக்குப் பிள்ளை உண்டாகாவிட்டாலும் அவள் பாய் விரித்த திசையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். யானைக்கதை சொல்லி இப்படி மிரட்டினபோதாவது, "அது கதை" என்று சொல்லிவிட அவளுக்கு இடமிருந்தது. "விஞ்ஞானமே சொல்லுகிறது" என்று படித்த பிள்ளை வந்து சொல்லும்போது அவள் என்ன பதில் சொல்லுவாள்?

ஆகவே அப்படிச் சொல்லுகிற பிள்ளைகளைக் கண்டால் மூன்றே கேள்வி கேட்கும்படி தாய்மார்களை வேண்டிக்கொள்ளுகிறோம். இரத்தத்திலுள்ள இரும்பு தனி அணுவா, துகளா? துகளென்றால் எத்தனை நானோமீட்டர்? உடம்பின் சூடு அதை எவ்வளவு நேரம் ஒரே முகமாய் நிற்கவிடும்? பதில் வருகிறவரையில், ஜன்னல் வடக்கே இருக்கிற வீட்டில் தலையை ஜன்னலோரம் வைத்துக் காற்று வாங்கிக்கொண்டு படுக்கலாம். கொசுவலை மட்டும் அவசியம் கட்டவேண்டும்.